பழைய பேப்பரும் ஒரு கைப்பிடி வெந்தயமும்: வீடும் தெருவும் கூடிச் செய்யும் கூழ்க்கூடை

பிளாஸ்டிக் டப்பாக்கள் சமையலறையை நிறைப்பதற்கு முன்னால், தமிழ்நாட்டில் பல வீடுகளின் பரணில் காகிதக் கூடை ஒன்றாவது இருக்கும். கோடையில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்த கூடை அது. கீழே விழுந்தால் உடையாது, தூக்கினால் கனக்காது, பல வருடம் உழைக்கும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் முதல் பதில் இந்தக் கூடைதான். ஒரு மணி நேரத்தில் முடிந்து மறுநாள் குப்பைக்குப் போகிற பத்து வேலைகளைவிட, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வீட்டில் புழங்கும் பொருளாக நிற்கிற ஒரு வேலை மேல். நான்கு வயதுக் குழந்தைக்குக் கிழிக்கிற வேலை, பத்து வயதுக்காரருக்குப் பிழிகிற வேலை, பாட்டிக்குப் பதம் பார்க்கிற வேலை என்று எல்லோருக்கும் இதில் உண்மையான பங்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியவை வெந்தயம், உப்புத்தாள், ஃபெவிகால், கொஞ்சம் பெயிண்ட். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடக்கும்.

ஒரு வீட்டுக்கு வேண்டியவை

- பழைய செய்தித்தாள்: அரைக் கிலோ. பெரிய அளவு நாளிதழை முழுதாக விரித்தால் வரும் தாள் கணக்கில் ஏறக்குறைய 30 தாள்.
- வெந்தயம்: 75 கிராம். கொஞ்சம் கூடினால் தப்பில்லை, 50 கிராமுக்குக் கீழே போக வேண்டாம்.
- மஞ்சள் தூள் ஒரு மேசைக்கரண்டி, வேப்பிலை ஒரு கைப்பிடி.
- ஒரு வாளி, பழைய வேட்டித் துணி ஒன்று.
- அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின் அல்லது எவர்சில்வர் கிண்ணம். அடி குறுகி வாய் அகன்றதாக இருக்க வேண்டும்.

இந்த அளவுக்குப் பிழிந்த கூழ் சுமார் இரண்டு கிலோ வரும். 30 செ.மீ. வாய் அகலமுள்ள பேசினில் ஒரு பெரிய கூடை, 20 செ.மீ. கிண்ணத்தில் ஒரு சின்னக் கூடை, மிச்சத்தில் கீழே சொல்லும் பொம்மை இரண்டு செய்யலாம்.

எந்தக் காகிதம்

செய்தித்தாள் சீக்கிரம் ஊறும், கூழ் சாம்பல் நிறத்தில் வரும். எழுதித் தீர்ந்த பள்ளி நோட்டுத் தாள் வெள்ளையான, வலுவான கூழ் தரும். ஆனால் அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், ஒரு நாள் கூடுதலாக ஊற வேண்டும். பாதிக்குப் பாதி கலந்தால் நல்ல பதம் கிடைக்கும். நோட்டின் நடுவில் இருக்கும் பின்களை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். மிக்ஸி பிளேடையும் பிள்ளைகளின் விரலையும் காப்பாற்றுவது அதுதான்.

வழவழப்பான வார இதழ் தாள் வேண்டாம். அதன் மேல் பூச்சு இருப்பதால் நார் பிரியாமல் சேறு மாதிரி ஆகும். கடையில் தரும் பில் தாளையும் ஏ.டி.எம். ரசீதையும் சேர்க்கவே கூடாது. அவை வெப்பத்தில் அச்சாகும் ரசாயனப் பூச்சு கொண்டவை, குழந்தைகள் கையில் பிசையத் தகுந்தவை அல்ல.

கிழிப்பதும் ஊறவைப்பதும்

கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் மூடிக்கொண்டிருக்கும். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகும். ஒரு தாளை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள், பிறகு குறுக்கே கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் ரிப்பன் மாதிரி நேராக வரும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் தாள் ஓடிய திசையில் நார்கள் படுத்திருப்பதுதான் காரணம். முதலில் நேராக வரும் திசையில் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டு, பிறகு அவற்றை இரண்டு விரல்கடை அளவுத் துண்டுகளாக்கினால் வேலை பாதியாகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அரைக் கிலோவையும் அவர்களே முடித்துவிடுவார்கள்.

துண்டுகள் முழுதாக மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். செய்தித்தாள் மட்டும் என்றால் இரண்டு நாள், நோட்டுத் தாள் கலந்தால் மூன்று நாள். தினம் ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாடை வரும். ஊறியதா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். கரைந்து நூல் நூலாகப் பிரிந்தால் சரி. தாளாகவே வழுக்கினால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

அரைக்கப் போவதற்கு முந்தின இரவு வெந்தயத்தைத் தனியாக ஊறவைக்க வேண்டும்.

அரைப்பது

இது பெரியவர் ஒருவரின் வேலை. ஒருவரே கடைசி வரை பார்த்துக்கொள்வது நல்லது.

ஊறிய வெந்தயத்தையும் வேப்பிலையையும் முதலில் நைசாக அரைத்து எடுங்கள். கையில் தொட்டால் வழவழவென்று இழுபட வேண்டும். அந்த வழவழப்புதான் இந்தக் கூடையின் பசை. வெந்தயத்தில் இருக்கும் பிசின் காயும்போது நாரோடு நாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பரபரவென்று அரைத்தால் பிசின் முழுதாக வெளியே வராது, காய்ந்த கூடை ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு.

அடுத்தது காகிதம். மிக்ஸியில் என்றால் பழைய ஜார் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு கைப்பிடி காகிதத்துக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஜாரில் பாதிக்கு மேல் வேண்டாம். பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறி நின்றுவிடும். இந்த வேலையில் மிக்ஸி பழுதாவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். கிரைண்டரில் ஆட்டினால் தண்ணீர் குறைவாகப் போதும், கூழும் ஒரே பதமாக வரும். ஆனால் கல்லை நன்றாகக் கழுவி, ஒரு பிடி அரிசியை ஆட்டிக் கீழே கொட்டிவிட்ட பிறகே சமையலுக்கு எடுக்க வேண்டும்.

அரைத்த கூழை வேட்டித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். இங்கேதான் பதம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. கையைத் திறந்தால் பிடி கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். ஒழுகினால் அச்சில் சரிந்து இறங்கும், காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். பிடி உதிர்ந்தால் ரொம்பப் பிழிந்துவிட்டீர்கள், ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதம் வந்த பிறகுதான் வெந்தய விழுதையும் மஞ்சளையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பத்து நிமிடம் பிசைய வேண்டும். முன்னாலேயே சேர்த்துவிட்டுப் பிழிந்தால் பசையெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

பிழிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மிதக்கும் நார் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். அச்சு மை கலந்த தண்ணீர் என்பதால் கீரைப் பாத்திக்கும் வேண்டாம்.

அச்சில் அப்புவது

அச்சின் வெளிப்புறமா, உட்புறமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கூழ் காயும்போது சுருங்கும். வெளிப்புறம் அப்பினால் சுருங்கச் சுருங்க அச்சை இறுக்கிப் பிடிக்கும், நேரத்துக்குக் கழற்றாவிட்டால் விரிசல் விடும். உட்புறம் அப்பினால் தானாகவே பக்கத்தை விட்டு விலகி வந்துவிடும். ஆனால் அடியில் காற்று போகாது, காய இரண்டு நாள் கூடுதலாகும். முதல் தடவை செய்பவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உட்புறம்தான் வசதி. பெரிய கூடைக்கு வெளிப்புறமே சரி.

வெளிப்புற முறை இது. பேசினைக் கவிழ்த்து, மேலே ஈரத் துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் போர்த்துங்கள். துணி இல்லாமல் நேராக அப்பினால் வெந்தயப் பசை எவர்சில்வரைப் பிடித்துக்கொண்டு விடாது. கூழை எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, உள்ளங்கையில் அடை தட்டுவதுபோல் தட்டி, அடிப்பாகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஓரத்தோடு ஓரம் முட்டும்படி வைத்தால் காயும்போது அந்த மூட்டில்தான் பிளக்கும். ஒரு விரல்கடையாவது மேலே ஏற வேண்டும்.

கனம் எங்கும் 7, 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஒரு தீக்குச்சியின் நுனியிலிருந்து அந்த அளவில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, அங்கங்கே குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகள் விரும்பிச் செய்யும் சோதனை இது. குத்திய ஓட்டையை ஈர விரலால் தடவி மூடுங்கள். பக்கம் மெலிந்து அடி தடித்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கிக் கூடை கோணிக்கொள்ளும். எல்லாம் அப்பியதும் ஈர டம்ளரின் அடியால் மெதுவாகத் தட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்தை மட்டும் விரல் கனத்துக்கு விட்டு வையுங்கள். கூடையைத் தூக்கும்போது முதலில் அடிபடுவது ஓரம்தான்.

காயவைப்பது

முதல் நாள் முழுக்க நிழல், காற்றோட்டம் மட்டும். உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். சுருங்குகிற தோலுக்கு உள்ளே இடம் இல்லை, வெடிப்பதைத் தவிர வழியில்லை. மறுநாள் விரலால் சுண்டிப் பாருங்கள். தோல் மாதிரி வளைந்துகொடுத்து, வடிவம் குலையாமல் இருந்தால் கழற்றும் நேரம் வந்துவிட்டது. நிமிர்த்திப் பேசினை மெதுவாகத் திருகி எடுத்து, துணியை உரித்துவிடுங்கள். பிறகு காலையும் மாலையும் புரட்டிப்போட்டு மூன்று நான்கு நாள் வெயில். தட்டினால் மரப்பலகை மாதிரி டொக்கென்று கேட்டால் காய்ந்துவிட்டது, மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள். சித்திரை, வைகாசிதான் இதன் பருவம். காய ஐந்தாறு நாளைத் தாண்டினால் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை வரும். புள்ளி மேலோடு இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். உள்ளே வரை வாடை அடித்தால் போட்டுவிடுவதே நல்லது. கெடாமலிருக்க உப்புப் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், கடலோர ஊர்களில் கூடை கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

மெல்லிய விரிசல் வந்தால் கவலை வேண்டாம். ஒரு பிடி கூழை முன்பே எடுத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். விரிசலை முதலில் தண்ணீரால் நனைத்து, கூழில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அழுத்தி நிரப்புங்கள். நனைக்காமல் காய்ந்த விரிசலில் ஈரக் கூழை வைத்தால் அது தனித் துண்டாகக் காய்ந்து கழன்று விழும்.

பூச்சும் கோலமும்

80 எண் உப்புத்தாளால் ஒரு தடவை, 120ஆல் ஒரு தடவை தேயுங்கள். தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் வைத்துச் செய்யுங்கள். பிறகு வெள்ளைப் பூச்சு: நான்கு கரண்டி சாக்பீஸ் தூள், இரண்டு கரண்டி ஃபெவிகால், இரண்டு கரண்டி தண்ணீர். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, மொத்தம் இரண்டு. ஃபெவிகாலுக்குப் பதில் புளியங்கொட்டைப் பசையும் அருமையாகப் பிடிக்கும். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவு முழுக்க ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். பொறுமை உள்ளவர்கள் செய்து பாருங்கள்.

நிறத்துக்கு, சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பெயிண்ட்தான் மலிவும் உறுதியும். போஸ்டர் கலர் ஈரக் கை பட்டால் கரையும், அதன் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும். காவிக்கட்டியை உரசிக் கொஞ்சம் ஃபெவிகாலோடு கலந்தால் கிடைக்கும் செம்மண் நிறம் எங்கள் தேர்வு, அது வெளுக்காது. பீட்ரூட் சாறு சில நாளில் பழுப்பாகிவிடும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். சாக்பீஸுக்குப் பதில் சுண்ணாம்பு பூசியிருந்தால் மஞ்சள் அதில் பட்டதும் சிவந்துபோகும். ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும் அதேதான். தெரிந்தே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் குழந்தை அழும்.

சின்னக் குழந்தைகளுக்குத் தூரிகையைவிட அச்சு சுலபம். நுனி ஒடியாத முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் சல்லடை மாதிரி கட்டம் கட்டமாக விழும். வெட்டியதைத் துணியில் கவிழ்த்துப் பத்து நிமிடம் ஈரம் வடியவிட்டு, தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பெயிண்டில் தொட்டு ஒற்றுங்கள். ஈரத்தோடு ஒற்றினால் பூ கரைந்து வட்டமாகிவிடும்.

பெரியவர்களுக்குப் புள்ளிக் கோலம். வளைந்த பரப்பில் புள்ளிகள் சம இடைவெளியில் வர ஒரு வழி இருக்கிறது. கூடையைச் சுற்றி நூலைக் கட்டி அளந்து வெட்டுங்கள். அந்த நூலை மூன்று தடவை பாதியாக மடித்தால் எட்டுப் பங்கு. 20 செ.மீ. கூடைக்குச் சுற்றளவு 63 செ.மீ., ஒரு பங்கு கிட்டத்தட்ட 8 செ.மீ. வரும். மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் நூலில் மையால் குறியிட்டு, மறுபடி கூடையில் சுற்றிப் புள்ளி வையுங்கள். கீழ் வரிசைக்குத் தனி நூல் அளக்க வேண்டும், சுற்றளவு அங்கே குறைவு.

ஒரு எச்சரிக்கை: செய்தித்தாளில் அச்சு மை இருக்கிறது. பலகாரத்தையோ மாவையோ நேராக இதில் போட வேண்டாம். வெங்காயம், பூண்டு, நூல்கண்டு, சாவி, பிள்ளைகளின் கலர் பென்சில், இவற்றுக்குத்தான் இந்தக் கூடை.

மிச்சக் கூழில் சாய்ந்தாடும் பொம்மை

தஞ்சாவூர் பொம்மையின் சூத்திரம் எளிது: அடியில் களிமண் கனம், மேலே காகிதக் கூழின் லேசு. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மையின் நேர்த்தி கைவினைஞர்களுக்கே உரியது. ஆனால் சூத்திரத்தைக் கொட்டாங்குச்சியில் பிள்ளைகளே செய்து பார்க்கலாம்.

கண் இல்லாத பாதிக் கொட்டாங்குச்சியை எடுங்கள். அடியில் கூர்முனை இருந்தால் சிமெண்ட் தரையில் தேய்த்து உருண்டையாக்க வேண்டும். கூர் இருந்தால் பொம்மை ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும், தட்டையாகத் தேய்த்துவிட்டால் ஆடாமல் உட்கார்ந்துவிடும். உள்ளே மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் களிமண்ணை அழுத்தி நிரப்பி மூன்று நாள் காயவிடுங்கள். மண் சுருங்கிக் கழன்றிருக்கும், அதை எடுத்து ஃபெவிகால் தடவி அதே இடத்தில் நடுவில் ஒட்டுங்கள்.

மேலே கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கூம்பாகச் சுருட்டி நிறுத்துங்கள். உயரம் கொட்டாங்குச்சியின் அகலத்தைப் போல் ஒன்றேகால் பங்கைத் தாண்ட வேண்டாம். தலைக்குக் கசக்கிய காகித உருண்டை. முழுக்கக் கூழால் உருட்டினால் தலைக்கனம் ஏறி, சாய்த்தால் எழாது. இவை எல்லாவற்றின் மேலும் கூழை 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் அப்பாதீர்கள். காய்ந்ததும் வர்ணம் தீட்டுவதற்கு முன்பே சாய்த்துப் பாருங்கள். சோம்பலாக எழுந்தால் அடியில் இன்னும் மண் வேண்டும். கோணலாக நின்றால் மண் நடுவில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் ஒரு சிட்டிகை ஈரக் களிமண்ணை ஒட்டிச் சரிசெய்யலாம்.

தெருவாகச் சேர்ந்து செய்ய

நான்கைந்து வீடுகள், பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் காகிதம் இரண்டு கிலோ, வெந்தயம் 300 கிராம், வாளி மூன்று போதும். நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வியாழன் மாலை ஒரு திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கூடிக் கிழித்து ஊறவைப்பது. சனி இரவு வெந்தயம். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் அரைத்து முடித்து, பத்து மணிக்குள் அப்பிவிட வேண்டும். அதற்கு மேல் பிள்ளைகளுக்கு அலுக்கும், கூழும் வெயிலில் காயத் தொடங்கும். திங்கள் மாலை அச்சைக் கழற்றுவது. அடுத்த ஞாயிறு பூச்சும் வர்ணமும்.

அச்சுக்குக் கீழே பெயரைத் தாளில் எழுதி வைக்காதீர்கள், காற்றில் பறக்கும். கூழ் ஈரமாக இருக்கும்போதே அடியில் குச்சியால் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவிடச் சொல்லுங்கள். எது யாருடையது என்ற சண்டை வராது.

நடுவில் காத்திருக்கும் நாட்களில் வாசலில் மாக்கோலம் போடப் பழக்கலாம். ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்துக் கரைத்து, சிறு துணியை அதில் நனைத்து நான்கு விரலுக்குள் அடக்கி, மோதிர விரல் வழியாக மாவு இறங்கும்படி லேசாகப் பிழிந்துகொண்டே இழுப்பது. மாவு மோர் பதத்தில் இருந்தால் பரவும், தோசை மாவு பதத்தில் இருந்தால் இறங்காது, இரண்டுக்கும் நடுவில் வேண்டும். 5க்கு 5 நேர்ப்புள்ளி, புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் இடைவெளி. தரையில் கை ஓடிவிட்டால், அடுத்த ஞாயிறு அதே கோலம் கூடையில் தடுமாறாமல் ஏறும்.